இனிப்புப் பெட்டி முடிச்சு

அத்தியாயம் 5

பொருள் திருட்டுப் போனதற்காக அழுகிறவர்களை சுயஸ் நகரில் நிறையப் பார்த்திருக்கிறேன். திருடன் பெட்டியைக் கட்டி வைத்த விதத்துக்காகக் கோபப்படுகிற ஒருவரை அந்தச் செவ்வாய்க்கிழமைதான் பார்த்தேன். அவர் பெயர் பஹீஜா. எங்கள் ஊர்க் குடும்பங்களின் காகிதங்களையெல்லாம் பழைய ரயில்வே கிளப் கட்டடத்தில் பெட்டி பெட்டியாக வைத்துக் காக்கிறவர். அந்தக் காப்பகத்துக்குள் பேனா கொண்டுபோகக் கூடாது, டீ கொண்டுபோகக் கூடாது, பலமாக மூச்சு விடுவதும் அவ்வளவாக நல்லதில்லை.

"இருவத்திரெண்டு வருஷமா இந்தப் பெட்டிங்களை நான்தான் கட்டுறேன். பூ மாதிரி ஒரு முடிச்சு. இழுத்தா அவிழணும். இது என்ன இது?" என்று ஒன்பதாம் எண் பெட்டியைக் காட்டினார்.

வெள்ளைப் பருத்தி நாடா பெட்டியின் நான்கு பக்கமும் குறுக்காகச் சுற்றி, நடுவில் இறுக்கமாக முடிச்சிடப்பட்டிருந்தது. முடிச்சுக்கு மேலே நீளமாக ஒரு வளையம். அவர் நாடாவை அவிழ்க்காமல் பக்கவாட்டில் நழுவவிட்டு உள்ளே பார்த்திருக்கிறார். 212-ஆம் உறை காலி. அதன் பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டு எங்களுக்குப் போன் செய்திருந்தார்.

எங்களுக்கு என்றால் இன்ஷிராஹ் மேடத்துக்கும் எனக்கும். மேடம் முப்பது வருடம் குடிமைப் பதிவு அலுவலகத்தில், தொலைந்துபோன சான்றிதழ்களுக்கான ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே தொலைந்துபோன எல்லாவற்றுக்குமாக ஒரு ஜன்னலைச் சொந்தமாகத் திறந்தார். நான் ஃபர்கலி, அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவது, கதவு தட்டுவது, தேவையில்லாத இடத்தில் பேசுவது ஆகியவை என் பொறுப்பு. மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது.

"காதைத் தடவாத, ஃபர்கலி," என்றார் மேடம், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். யோசிக்கும்போது வலது காது மடலைத் தேய்ப்பது என் பழக்கம். நான் யோசிப்பதே அவருக்குத் தொந்தரவு என்று நினைத்துக் கையை இறக்கினேன்.

ஜன்னலோரம் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தார். ஸனியா, நாற்பத்து மூன்று வயது, பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். காணாமல் போனது அவருடைய படம். அவர் கதையை பஹீஜாவே சொன்னார், ஸனியா இடையிடையே திருத்தினார். 1967 அக்டோபரில் எண்ணெய் ஆலை மேல் குண்டு விழுந்தபோது அங்கே வேலை பார்த்த அப்பா ஹில்மி இறந்துபோனார். ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மா நஃபூஸா இரண்டு குழந்தைகளோடு ரயில் ஏறினாள். காய்ச்சலில் இருந்தவளை ஸகாஸீக் நிலையத்தில் இறக்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், அங்கேயே அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிய நான்கு வயது நவால் கூட்டத்தில் தொலைந்தாள். இரண்டு வயது ஸனியாவும், குடும்பத்தின் வெளியேற்ற அட்டையும் யாரோ ஒரு பயணியின் மடியில் சோஹாக் வரை போய் பெரியம்மாவிடம் சேர்ந்தார்கள். அட்டையில் எழுதியிருந்தது: தாய் ஒன்று, பெண் குழந்தைகள் இரண்டு.

"பெரியம்மா ரெண்டு தடவை ஸகாஸீக் போய் போலீஸ்ல கேட்டாங்க," என்றார் ஸனியா. "கண்டெடுத்த பொண்ணுங்க பட்டியல்ல பதினோரு பேர். பதினோரு வீட்டுக்கும் போனாங்க. ஒண்ணும் நவால் இல்ல."

அதற்கப்புறம் நாற்பத்தோரு வருடமாக ஸனியா தேடிக்கொண்டிருந்தார். இப்போது அதற்கு ஒரு கெடு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, அக்டோபர் இருபத்துநாலு, ஊர்த் திருநாள். காப்பக முற்றத்தில் போர் வருடங்களில் இறந்தவர்களின் பெயர்ச்சுவர் திறக்கப்போகிறார்கள். ஹில்மியின் பெயரும் நஃபூஸாவின் பெயரும் பளிங்கில் வெட்டியாகிவிட்டது. கீழே நவாலுக்கென்று ஒரு வரி இடம் விட்டிருந்தது. கல்தச்சர் தர்வீஷ் வியாழன் மதியம் பன்னிரண்டு வரைக்கும் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

"வெட்டச் சொன்னா, அவ செத்துட்டான்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. வேண்டாம்னு சொன்னா, செத்திருந்தா அவளுக்கு ஒரு கல்லுகூட இல்ல. அந்தப் படத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு நேத்து வந்தேன். படமே இல்ல," என்றார் ஸனியா. கணக்கு டீச்சருக்கே உரிய குரல். ஆனால் கைக்குட்டையை எட்டாக மடித்துவிட்டார், அதற்கு மேல் அது மடியவில்லை.

நகல் இல்லையா என்று கேட்டேன். நகலெடுக்கும் இயந்திரம் அடுத்த மாதம் வருகிறதாம். மூன்று வருடமாக அடுத்த மாதம்தான் வருகிறதாம். போன மாதம் பெயர்ச்சுவர் செய்தியோடு ஒரு பத்திரிகை அந்தப் படத்தைத் தபால்தலை அளவுக்குப் போட்டிருந்தது. அதில் இருந்தது இரண்டு குழந்தைகளா இரண்டு தர்பூசணிகளா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மேடம் பட்டியல் அட்டையைக் கேட்டார். பஹீஜாவின் சிறிய, நேர்த்தியான எழுத்து: "உறை 212. ஸ்டூடியோ படம், 1967. இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் நாற்காலி மேல் நிற்கிறாள். கவுன் பையில் மீன் தையல். ஒரு தோடு தொலைந்திருக்கிறது. இளையவள் அழுகிறாள்."

"அழுறது நான்," என்றார் ஸனியா.

அடுத்து, படத்தைக் கேட்டு வந்த ஆள் நிரப்பிய சீட்டு. பெயர் ஹஸன் அலி, ஊர் கெய்ரோ. கெய்ரோவில் ஒரு கல்லை எறிந்தால் மூன்று ஹஸன் அலி மேல் பட்டுத்தான் கீழே விழும். குடும்பத்துக்கு உறவு என்ற இடத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தான். கேட்கும் பொருள் என்ற இடத்தில், "ஹில்மி வீட்டுப் பையனும் பொண்ணும் இருக்கிற படம்." அதை பஹீஜா சிவப்புப் பென்சிலால் அடித்து, "இரண்டு பெண்கள்" என்று திருத்தியிருந்தார்.

"கண்ணாடி மாத்துங்கன்னு சொன்னேன். ஹால்ல இருந்தவங்க சிரிச்சாங்க. மனுஷனுக்கு மூஞ்சி செவந்துபோச்சு," என்றார் பஹீஜா. ஆள் உயரம், தோள் அகலம், மீசை பெரிது. ஆனால் நாகரிகமான ஆளாம். படத்தைத் தொடுவதற்கு முன்னால் யாரும் சொல்லாமலே முழங்கை வரை கை கழுவினானாம். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், நான் போய் சந்தோஷப்பட்டேன் என்று பஹீஜா நொந்துகொண்டார்.

பழைய படங்களை வாங்கி விற்கும் ஆசாமியாக இருக்கும் என்று நான் என் கருத்தைச் சொன்னேன். மேடம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பெட்டியில் மிச்சமிருந்த ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நஃபூஸா சோஹாக்கில் இருந்த அக்காவுக்கு 1963-இல் எழுதியது. முதல் இரண்டு பையன்களும் ஒரு வயது தாண்டாததைப் பற்றி நான்கு வரி. பிறகு, "இந்தத் தடவை பெண். நவால் என்று கூப்பிடுகிறோம்" என்று ஒரே ஒரு வரி. மேடம் அதை இரண்டு தடவை படித்தார்.

"உங்க பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

தெரியாது என்றார் ஸனியா. தபால்காரர் கடை வாசலில் நின்று எல்லாருடைய கடிதத்தையும் உரக்கப் படிப்பாராம், கிராமமே உட்கார்ந்து கேட்குமாம். மேடம் தலையாட்டிவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு பெட்டியின் நாடா வளையத்துக்குள் ஆள்காட்டி விரலை விட்டு மெதுவாகத் தூக்கினார். பெட்டி கொஞ்சமும் சாயாமல் நேராக எழுந்தது.

"ஃபர்கலி, இந்த மாதிரி ஒரு பெட்டியை விரல்ல மாட்டிக்கிட்டுக் கடைசியா எப்ப நடந்த?"

"போன பெருநாளைக்கு மேடம். மாமனார் வீட்டுக்கு. அதுல ரவை பஸ்பூஸா இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒரு நாளைக்கு நூறு இனிப்புப் பெட்டி கட்டுகிற கை, காகிதப் பெட்டியைக் கொடுத்தாலும் அப்படித்தான் கட்டும். அதனால்தான் அந்த ஆள் முழங்கை வரை கழுவினான். அவசரத்தில் படத்தை உருவிக்கொண்டு பெட்டியைக் கட்டும்போது, கை தன்பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துவிட்டது.

"இனிப்புப் பெட்டி மாதிரி என் 67-ஆம் வருஷத்துக் காகிதங்களை விரல்ல மாட்டக் கட்டி வெச்சிருக்கான்," என்றார் பஹீஜா. அவருக்குத் திருட்டைவிட அதுதான் பெரிய அவமானமாக இருந்தது.

மதியத்துக்கு மேல் ஊரில் உள்ள இனிப்புக் கடைகளுக்குப் போனோம். முறைப்படி விசாரிக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு கடையிலும் நான் ஒரு துண்டு பஸ்பூஸா வாங்கித் தின்றேன். ஏழு கடைகள். ஐந்தாவதற்குப் பிறகு அது கடமையாக மட்டுமே இருந்தது. எல்லாக் கடைக்காரர்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: இப்போதெல்லாம் யார் நூல் கட்டுகிறார்கள், பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். ஏழாவது கடைக்காரர் வயதானவர். முடிச்சோடு கழற்றி நாங்கள் கொண்டுபோயிருந்த நாடாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது கைக்குப் போட்ட வளையம் இல்லம்மா. கைக்குன்னா இவ்வளவு நீளம் வேண்டாம், பெட்டி ஆடும். இது ரயில் ஜன்னல் கொக்கிக்கு. நைல் டெல்டா பக்கம் ஸ்டேஷன் கடையில இப்படிக் கட்டுவாங்க," என்றார்.

எந்த ஸ்டேஷன் என்று மேடம் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது, அந்தப் பதிலை அவர் கடிதத்தைப் படித்தபோதே வைத்திருந்தார் என்று தோன்றியது. ஆனால் என்னிடம் சொல்ல மாட்டார். முப்பது வருடம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள், எதையும் நாளைக்கு வாருங்கள் என்றுதான் சொல்வார்கள்.

புதன்கிழமை காலை ரயிலில், டெல்டாவில் இருக்கும் ஸகாஸீக்குக்கு, நவால் தொலைந்த அதே நிலையத்துக்குப் போனோம். நிலையத்துக்கு எதிரே பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடை. பெயர்ப்பலகை தேவைப்படவும் இல்லை, வரிசை சாலை வரை நின்றது. கல்லாவுக்குப் பின்னால் தோள் அகலமான ஓர் ஆள் பெட்டிகளைப் பார்க்காமலே கட்டிக்கொண்டிருந்தார். நூல் குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று, முடிச்சு, மேலே நீள வளையம். மீசை பஹீஜா சொன்னதைவிடப் பெரிது. எல்லாரும் அவரை மஹ்ரூஸ் என்று கூப்பிட்டார்கள்.

வரிசையில் எங்கள் முறை வந்ததும் மேடம் ஒரு கிலோ பஸ்பூஸா கேட்டார். அதைக் கேட்டதும் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"படம் பத்திரமா இருக்கா?" என்றார் மேடம், அவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே.

அவர் கை நிற்கவில்லை. "எந்தப் படம்?"

"பையனும் பொண்ணும் இருக்குற படம்."

நூல் அந்தரத்தில் நின்றது. மஹ்ரூஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அதுல ரெண்டுமே பொண்ணுங்கதான். அந்தம்மாவே திருத்திட்டாங்களே," என்றார் மெதுவாக.

"அவங்க திருத்தினாங்க. நீங்க அப்படி எழுதலையே."

பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். மஹ்ரூஸ் கல்லாவை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, எங்களைப் பின்பக்கம் மாவு மூட்டைகள் அடுக்கிய அறைக்குக் கூட்டிப் போனார். இந்தத் தோளை நான் எப்படிச் சமாளிப்பது என்று கணக்குப் போட்டேன். கணக்கு எனக்குச் சாதகமாக வரவில்லை. மேடமோ ஒரு மூட்டை மேல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டார்.

"ஃபர்கலி, இவருக்கு உன் வலது காதைக் காட்டு," என்றார்.

எனக்குப் புரியவில்லை. காட்டினேன். என் காது மடலில் சின்னதாக ஒரு துளைத் தழும்பு உண்டு. எனக்கு முன்னால் பிறந்த மூன்று அண்ணன்மார் தங்கவில்லை. அதனால் ஐந்து வயது வரை அம்மா எனக்குக் கவுன் போட்டு, ஒரு காதில் மட்டும் தோடு மாட்டி, பெண்பிள்ளை என்றே ஊரிடம் சொல்லி வளர்த்தாள். பையன் என்று தெரிந்தால் கண் பட்டுவிடும். பெண்ணைப் பார்த்து யாரும் பொறாமைப்பட மாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எங்கள் தெருவில் மட்டும் இப்படி நாலு பேர் வளர்ந்தோம். அந்தக் காதைத் தேய்த்துக்கொண்டேதான் நான் நேற்று முழுவதும் திருடன் யார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மஹ்ரூஸ் என் காதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் தலையை மெல்லத் திருப்பினார். அதே இடம், அதே அளவு.

"ஒரு தோடு தொலைஞ்சுபோச்சுன்னு பஹீஜா எழுதி வெச்சிருக்காங்க. தொலையல. போட்டதே ஒண்ணுதான்," என்றார் மேடம். "ரெண்டு பையன் செத்த வீட்டுல மூணாவது பொறந்தது. கிராமமே கேக்கப்போற கடுதாசியில அம்மா பொண்ணுன்னுதானே எழுதுவா? ரயில்ல அட்டை எழுதின குமாஸ்தா கவுனைப் பாத்து எழுதியிருப்பான். அந்தப் படத்துல ஒரு பையன் இருக்கான்னு உலகத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்."

மஹ்ரூஸ் அலமாரி மேலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே நிறம் மங்கிய ஒரு குழந்தைக் கவுன். பையில் மீன் தையல். அதற்குள் பத்திரமாக அந்தப் படம். நாற்காலி மேல் விறைப்பாக ஒரு குழந்தை, பக்கத்தில் வாயைப் பிளந்து அழும் இன்னொன்று. அழுகிற குழந்தையின் தலையில், விழுந்துவிடாமல் பிடிப்பதுபோல் மூத்ததன் கை இருந்தது.

அவர் சொன்னது கொஞ்சம்தான். அம்மாவைத் தூக்கிப் போனபோது பயந்துபோய் இந்தக் கடையின் தள்ளுவண்டிக்கு அடியில் ஒளிந்துகொண்டார். கடைக்காரர் வீட்டுக்குத் தூக்கிப் போனார். குளிப்பாட்டக் கவுனைக் கழற்றியதும் கடைக்காரர் மனைவி போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டதாம். போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள், "கண்டெடுத்த பையன்" என்று. அவர்களுக்குக் குழந்தை இல்லை, யாரும் கேட்டு வரவில்லை, மஹ்ரூஸ் என்று பெயர் வைத்தார்கள்.

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். ஒரே மேஜையில் இரண்டு பட்டியல்கள் இருந்திருக்கின்றன. ஒன்றில் தொலைந்த பெண், இன்னொன்றில் கிடைத்த பையன். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவேயில்லை. முப்பது வருடம் அப்படிப்பட்ட மேஜையில் உட்கார்ந்தவர் என்பதால் அவருக்கு அது என்னைவிட அதிகமாக வலித்தது.

"கேட்டே வாங்கியிருக்கலாமே," என்றேன் நான்.

"எப்படிக் கேக்கறது, தம்பி? இந்த மீசையை வெச்சுக்கிட்டு, அந்த ஹால்ல நின்னு, கவுன் போட்ட பொண்ணு நான்தான்னு சொல்லவா? பையன்னு எழுதினதுக்கே சிரிச்சாங்க." அவர் டப்பாவை மூடினார். "அவ அக்காவைத் தேடுறா. பேப்பர்ல போட்டிருந்துச்சு. நான் போய் நின்னா அவளுக்கு அக்காவும் இல்லாம போயிடும்."

நவால் என்ற பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று மேடம் கேட்டார். இருக்கிறது என்றார். வாசலுக்கு வெளியே அந்தப் பெயர்தான். கதவைச் சாத்தியதும் அம்மா வேறு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், அது மட்டும் எவ்வளவு முயன்றாலும் வருவதில்லை. இதைச் சொல்லும்போது அந்தப் பெரிய மனிதர் மாவு மூட்டையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

படத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். மேடம் என் கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"காப்பகத்துல ஒரு விதி இருக்கு. எடுத்தவங்கதான் திருப்பித் தரணும், கையெழுத்தும் அவங்கதான் போடணும்," என்றார் மஹ்ரூஸிடம். "நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு அங்க ஒரு கல்தச்சர் செத்தவங்க வரிசையில நவால் பேரை வெட்டுவாரு. பளிங்குல வெட்டினதை அழிக்க முடியாது. எனக்கு அந்த ஒரு கிலோவைக் கட்டிக் குடுங்க, ரயிலுக்கு நேரமாச்சு."

திரும்பி வரும் வழியெல்லாம் நான் புலம்பிக்கொண்டு வந்தேன். திருடனையும் கண்டுபிடித்து, பொருளையும் கண்டுபிடித்து, இரண்டையும் விட்டுவிட்டு இனிப்போடு திரும்புகிற துப்பறிவாளர் எங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள் என்றேன். ஸனியாவிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். மஹ்ரூஸ் வராமல் போனால் ஸனியா கூடப்பிறந்தவரை இரண்டாவது தடவை தொலைப்பார், அது வேண்டாம் என்றார் மேடம். பெட்டி ஜன்னல் கொக்கியில் ஆடாமல் தொங்கிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கெல்லாம் காப்பகத்தில் இருந்தோம். முற்றத்தில் தர்வீஷ் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கருப்புப் பென்சிலால் கல் மேல் "நவால்" என்று எழுதியும் வைத்துவிட்டார், வெட்டுவதுதான் பாக்கி. ஸனியா அந்தப் பென்சில் எழுத்தையே பார்த்தபடி நின்றார். மேடம் அவரிடம், பன்னிரண்டு வரை பொறுங்கள் என்று மட்டும் சொன்னார். பதினொன்றரைக்கு ஸகாஸீக் பக்கத்து ரயில் வந்து போனது. யாரும் வரவில்லை. பதினொன்று ஐம்பதுக்கு தர்வீஷ் எழுந்து இடுப்பைச் சொடுக்கெடுத்துக்கொண்டார்.

"வெட்டிடவா டீச்சர்?"

ஸனியா வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே வாசகர் ஹாலில் பஹீஜாவின் குரல் கேட்டது. "தின்பண்டம் உள்ள வரக் கூடாது. வெளிய வெச்சிட்டு வாங்க."

போய்ப் பார்த்தோம். மஹ்ரூஸ் இஸ்திரி போட்ட சட்டையில், விரலில் இனிப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டு நின்றார். நிலையத்திலிருந்து மூன்று தடவை திரும்பிப் போகப் பார்த்தாராம், பின்னால் என்னிடம் சொன்னார். இது தின்பண்டம் இல்லை என்று அவர் பஹீஜாவிடம் முணுமுணுத்தார். பெட்டியை மேஜையில் வைத்தார். பஹீஜா வளையத்தைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், பல்லைக் கடித்தார். மேடம் குறுக்கே புகுந்து, முதலில் திருப்பித் தரும் சீட்டைக் கொடுங்கள் என்றார்.

மஹ்ரூஸ் பென்சிலை எடுத்தார். பொருள்: ஒரு படம். பெயர்: மஹ்ரூஸ். ஊர்: ஸகாஸீக். குடும்பத்துக்கு உறவு என்ற இடத்தில் வெகுநேரம் பென்சிலை வைத்துக்கொண்டே இருந்தார். ஹாலில் ஐந்தாறு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள், படிப்பதை நிறுத்திவிட்டார்கள். பிறகு எழுதி, சீட்டைத் தள்ளிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டிகள் அடுக்கியிருந்த அலமாரிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பஹீஜா சிவப்புப் பென்சிலோடு சீட்டை எடுத்தார். படித்தார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு சீட்டை ஸனியாவிடம் நீட்டினார். அதில் "படத்தில் நிற்பவர்" என்று எழுதியிருந்தது.

பெட்டிக்குள் கவுன் இருந்தது, அதற்கு மேல் படம். மேடம் ஸனியாவின் பக்கத்தில் நின்று, இரண்டு வரியில் காதுத் துளையின் கதையைச் சொன்னார். கணக்கு டீச்சர் அல்லவா, அதற்கு மேல் தேவைப்படவில்லை. அவர் கவுனின் மீன் தையலையும் படத்தின் மீனையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். கண்டெடுத்த பெண்கள் பதினோரு பேர் என்று ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வாசலில் உளியோடு தர்வீஷ் எட்டிப் பார்த்து, மணி பன்னிரண்டு என்றார். பென்சில் எழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிடு என்று மேடம் அவரை அனுப்பினார்.

ஸனியா அலமாரியை நோக்கி நாலடி நடந்து, அந்த அகலமான முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"நாப்பத்தோரு வருஷமா, கண்டா முதல்ல 'அக்கா'ன்னு கூப்பிடணும்னு சொல்லிப் பாத்துக்கிட்டே இருந்தேன். வேற மாதிரி கூப்பிட எனக்கு வாய் வரல," என்றார்.

ஹாலில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஹ்ரூஸின் கழுத்து சிவந்தது. அவர் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அப்படியே கூப்பிடு. நீ எனக்கு வெச்ச பேருதானே."

ஸனியா கூப்பிட்டார். மஹ்ரூஸ் திரும்பினார்.